ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு 2,000 ரூபாய்க்குள் கேமிங் கீபோர்டு வாங்குவது எப்படி?

எங்கள் வீடு மண்டபத்தில். கடல் கூப்பிடு தூரம். ஒன்றரை வருடத்தில் மூன்று கேமிங் கீபோர்டு வாங்கினேன். முதலாவது மெக்கானிக்கல் (ஒவ்வொரு கீக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உள்ள வகை) என்று நம்பி வாங்கியது, உள்ளே சாதாரண ரப்பர். இரண்டாவது உண்மையான மெக்கானிக்கல். ஆனால் நாலாவது மாதமே ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழ ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே களிம்பு பிடித்திருக்கிறது, தண்ணீர் பட்டது போல் இருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன்மேல் படவில்லை. பட்டது காற்று மட்டும்தான். மூன்றாவது கீபோர்டில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் பெருநகரத்தில் இருப்பவர்களுக்கானவை. அவர்களுக்கு உப்புக் காற்று இல்லை, சர்வீஸ் சென்டரும் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நமக்கு இரண்டும் நேர்மாறு. முதல் தடவை வாங்கப் போகிற தம்பி தங்கைகள் என்னைப் போல் பணத்தையும் நாளையும் விடக் கூடாது என்பதற்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற ஆட்டங்கள் மட்டும்தானா, படிப்பு, டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் இதே கீபோர்டில்தானா? அளவை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். 61 கீ உள்ள குட்டிக் கீபோர்டு பார்க்க அழகு. ஆனால் அம்புக்குறிக் கீகளும் மேல் வரிசை எஃப் கீகளும் தனியாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் எஃப்.என். கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். எக்செல் வேலை செய்பவருக்கு அது தினசரி எரிச்சல். 87 கீ உள்ளது பெரும்பாலானோருக்குப் போதும். கணக்கு வேலை இருந்தால், வலப்பக்க எண்களோடு சேர்ந்த 104 கீ.

சத்தத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். மெக்கானிக்கல் சுவிட்சுகளை நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ப்ளூ சுவிட்ச் ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' என்று சொல்லும். அதிகாலையில் கடலுக்குப் போகிறவர் உறங்கும் வீட்டில் இரவு பதினோரு மணிக்கு அதைத் தட்ட முடியாது. ரெட் சுவிட்ச் சத்தம் குறைவு, அழுத்தமும் லேசு. செர்ரி நிறுவனத்தின் ரெட் சுவிட்ச் 45 கிராம் விசையில், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் வேலை செய்யும். மற்ற நிறுவனங்களின் ரெட் சுவிட்சுகளும் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. ப்ரவுன் இரண்டுக்கும் நடுவில்: டிக் சத்தம் இல்லை, விரலுக்கு ஒரு சிறு தடை மட்டும் தெரியும்.

2. பெட்டியில் எழுதியிருப்பதைப் பிரித்துப் படியுங்கள்

நான் முதலில் ஏமாந்த இடம் இதுதான். "மெக்கானிக்கல் ஃபீல்" என்று போட்டிருந்தால் அது மெக்கானிக்கல் இல்லை. "செமி மெக்கானிக்கல்" என்றாலும் பெரும்பாலும் அதே கதைதான். உள்ளே பிளாஸ்டிக் தாள், மேலே ரப்பர் குமிழ், அதாவது மெம்பிரேன். உண்மையான மெக்கானிக்கல் என்றால் சுவிட்சின் நிறமோ பெயரோ கட்டாயம் எழுதியிருப்பார்கள்: அவுடெமு ப்ளூ, கேட்டரான் ரெட் என்பது போல. எதுவும் எழுதவில்லை என்றால் மெம்பிரேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 700 ரூபாய்க்கு மெம்பிரேன் வாங்குவது தப்பே இல்லை. 1,500 ரூபாய் கொடுத்து அதை வாங்குவதுதான் தப்பு.

அடுத்தது "26 கீ ஆன்டி கோஸ்டிங்". கீபோர்டுக்குள் கம்பிகள் வலைக் கண்ணி மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகின்றன. ஒவ்வொரு கீயும் ஒரு முடிச்சு. மூன்று முடிச்சுகளை ஒரே நேரத்தில் அழுத்தும்போது, அவை ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளாக அமைந்துவிட்டால், நாலாவது மூலையையும் அழுத்தியதாகக் கம்ப்யூட்டருக்குத் தோன்றும். இந்தப் பொய் எழுத்துதான் கோஸ்டிங். அதைத் தடுக்க, விலை குறைந்த கீபோர்டுகள் மூன்றாவது கீயையே விட்டுவிடும். ஓடிக்கொண்டே குதித்துக் குனியும்போது ஆட்டத்தில் ஆள் நின்றுவிடுவது இதனால்தான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) வைத்தால் இந்தச் சிக்கல் வராது. அப்படிச் செய்த கீபோர்டில் "என்-கீ ரோலோவர்" என்று போட்டிருப்பார்கள், அதாவது எத்தனை கீயை ஒன்றாக அழுத்தினாலும் எல்லாம் விழும். "26 கீ" என்றால் குறிப்பிட்ட சில கீகளுக்கு மட்டும்தான் அந்த உத்தரவாதம். எந்தெந்தக் கீ என்று பெட்டியில் இருக்காது, நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் (7-ஆம் படி).

"6 கீ ரோலோவர்" என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ஆறு சாதாரண கீகளோடு ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை தனிக் கணக்கு. ஆட்டத்துக்கு அது தாராளம்.

"1000 ஹெர்ட்ஸ்" என்பது கீபோர்டு ஒரு விநாடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புகிறது என்பது. 1000 என்றால் 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை, 125 என்றால் 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. புதிதாக ஆடுபவருக்கு இந்த வித்தியாசத்தைவிட, அழுத்திய கீ சரியாக விழுகிறதா என்பதுதான் பெரிது. இதற்காகக் கூடுதலாக 500 ரூபாய் கொடுக்காதீர்கள்.

இடதும் வலதும் போகும் கீகளை மாற்றி மாற்றித் தட்டும்போது, முந்தைய கீயைத் தானாகவே ரத்து செய்யும் வசதி உள்ள கீபோர்டுகளும் இப்போது வருகின்றன. அதற்காகவே ஒன்றை வாங்குமுன் உங்கள் ஆட்டத்தின் விதியைப் பாருங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் இதைத் தடை செய்துவிட்டது.

வண்ண விளக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்தால் வாங்குங்கள்.

3. உப்புக் காற்றைக் கணக்கில் வையுங்கள்

ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மீன்பிடி மோட்டார் எல்லாம் நம் ஊரில் எப்படித் துருப்பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டுத் தொட்டு விலகும். அந்தத் தொடும் இடத்தில் உப்பும் ஈரமும் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். விளைவு, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து, அல்லது எழுத்தே இல்லை. என் இரண்டாவது கீபோர்டு செத்தது இப்படித்தான். நான் அதைக் கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வந்தது.

எனவே நம் பக்கத்து ஆட்கள் பார்க்க வேண்டியவை இவை.

ஹாட் ஸ்வாப் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கெட்டுப்போன சுவிட்சை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம், சூடுவைத்து ஒட்ட வேண்டியதில்லை. 87 கீயில் ஒன்று போனதற்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம். எனக்கு ஒரு சுவிட்சுக்கு 25 ரூபாய் ஆனது. இதிலும் ஒரு பொறி உண்டு. சில மலிவுக் கீபோர்டுகளின் துளை, மெல்லிய கால் உள்ள அவுடெமு சுவிட்சை மட்டும்தான் ஏற்கும். சுவிட்சின் அடியில் உள்ள கால் (பின்) மூன்றா ஐந்தா என்பதையும் பாருங்கள். 3 பின் சர்க்யூட் பலகையில் 5 பின் சுவிட்சைப் போட, கூடுதல் பிளாஸ்டிக் கால் இரண்டையும் வெட்ட வேண்டும்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஆப்டிகல் அல்லது மேக்னடிக் சுவிட்ச் உள்ளதைத் தேடுங்கள். ஆப்டிகலில் ஒளிக்கதிர், மேக்னடிக்கில் காந்தம். இரண்டிலும் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டியதில்லை, அதனால் அந்த இடத்தில் களிம்பு பிடிக்கும் பேச்சே இல்லை. நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான சுவிட்ச் இல்லை என்பது என் எண்ணம். பலகையும் யு.எஸ்.பி. துளையும் அப்போதும் உப்புக்குத் தப்பாது, ஆனால் அவை கெடச் சுவிட்சைவிட அதிக நாள் பிடிக்கும்.

வயர் கழற்றக்கூடியதாக, டைப் சி முனையோடு இருக்கட்டும். வயரும் சீக்கிரம் போகக்கூடியது. கழற்ற முடிந்தால் 150 ரூபாயில் வேறு வயர் வாங்கிவிடலாம்.

மெம்பிரேனுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அதன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் தூசியையும் காற்றையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் தாள்களுக்கு இடையில் ஈரம் போய்விட்டால் அதோடு சரி, பழுது பார்க்க வழியில்லை. 800 ரூபாய்க்குள்தான் உங்களால் முடியும் என்றால், நல்ல மெம்பிரேனையே வாங்குங்கள். அந்த விலைக்கு வரும் மோசமான மெக்கானிக்கலை வாங்காதீர்கள்.

4. எங்கே வாங்குவது, மொத்தம் எவ்வளவு ஆகும்

ராமநாதபுரம் டவுனில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. வகை குறைவு, விலையும் ஆன்லைனைவிட 200, 300 கூட இருக்கலாம். ஆனாலும் முதலில் அங்கே போய் ஒரு ப்ளூ, ஒரு ரெட் இரண்டையும் தட்டிப் பாருங்கள். விரலுக்கு எது பிடிக்கும் என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. கோளாறு வந்தால் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு கடை இருக்கிறது என்பதற்கே அந்த 200 ரூபாய் தகும். சென்னையில் உறவினர் இருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்க்கச் சொல்லலாம், பில்லோடு வாங்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் அண்ணனோ மச்சானோ ஒரு கீபோர்டு கொண்டு வருவது வழக்கம். அன்பாகத் தருவதை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் அதன் வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம், கீகளில் அரபி எழுத்தும் இருக்கலாம். இரட்டை மேற்கோளும் 'அட்' குறியும் இடம் மாறி விழுந்தால் அது பிரிட்டிஷ் அமைப்பு. விண்டோஸில் மொழி அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

என் கணக்கு இது: கீபோர்டு 1,750 ரூபாய், கூடுதலாக ஐந்து சுவிட்ச் 125, மூடி வைக்கத் துணி உறை 120. மொத்தம் 1,995. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் விலைக்குள்ளேயே அடக்கம். "ஜி.எஸ்.டி. தனி, பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் பில் இல்லாமல் வாரண்டியே இல்லை.

தீபாவளித் தள்ளுபடியில் விலை குறையும். ஆனால் அது நமக்கு மழைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் பாம்பன் தாண்டிப் போக வேண்டிய பார்சல் தேங்கி நிற்கும். அவசரமில்லை என்றால் பொங்கல் தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

5. ஆர்டர் போடுமுன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

623-இல் தொடங்கும் உங்கள் பின்கோடைப் போட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். டெலிவரி எத்தனை நாள், ரிட்டன் உண்டா, ரிட்டன் எடுக்க ஆள் வீட்டுக்கு வருவாரா. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆள் வராத பின்கோடு என்றால் நீங்களே கூரியரில் அனுப்ப வேண்டும். எனக்கு ஒரு முறை அதற்கு 180 ரூபாய் செலவானது.

"7 நாள் ரிட்டன்" வேறு, "7 நாள் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" வேறு, "சர்வீஸ் சென்டர் மூலம் மட்டும்" என்பது இன்னும் வேறு. கடைசி வகையைத் தவிர்த்துவிடுங்கள். பல நிறுவனங்களுக்கு நமக்கு அருகில் உள்ள சர்வீஸ் மையம் மதுரை. மண்டபத்திலிருந்து போய் வந்தால் ஒரு நாள் போய்விடும்.

வாரண்டி விதிகளில் "துரு, ஈரப்பதம், திரவம்" என்ற சொற்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடிப் படியுங்கள். பெரும்பாலும் இருக்கும். அதாவது நம் ஊரில் வரக்கூடிய முக்கியமான கோளாறுக்கு வாரண்டி உதவாது. அதனால்தான் மூன்றாம் படியை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

6. பெட்டி வந்த அன்று

பிரிக்கும்முன் போனில் வீடியோவை ஓட விடுங்கள். கூரியர் சீட்டு, ஒட்டு பிரியாத பெட்டி, சீரியல் எண், கீபோர்டை வெளியே எடுப்பது, கம்ப்யூட்டரில் செருகுவது, இவ்வளவும் நிறுத்தாமல் ஒரே வீடியோவில் இருக்க வேண்டும். இரண்டு துண்டாக எடுத்தால் ஏற்க மறுக்கிறார்கள்.

பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும், தயாரித்த நாடு, இறக்குமதியாளர் முகவரி இருக்க வேண்டும். வயர்லெஸ் கீபோர்டு என்றால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் கட்டாயம். அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். பில்லை அன்றே பி.டி.எஃப்.ஆக இறக்கி, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பெட்டியை ரிட்டன் காலம் முடியும்வரை எறியாதீர்கள்.

7. முதல் மூன்று நாள் சோதனை

ரிட்டன் காலம் ஏழு நாள் என்றால் சோதனையை மூன்று நாளில் முடியுங்கள். மீதி நாலு நாள் அவர்களோடு பேசத் தேவைப்படும்.

முதல் நாள். விண்டோஸில் ஃபில்டர் கீஸ் (வேகமாகத் திரும்பத் தட்டுவதைக் கணக்கில் எடுக்காத வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சோதனை பொய்யாகிவிடும். நோட்பேடைத் திறந்து, எழுத்து விழும் ஒவ்வொரு கீயையும் சீராக 20 முறை தட்டுங்கள். 20 எழுத்து இருக்க வேண்டும். 21 இருந்தால் அந்தச் சுவிட்ச் இரட்டிக்கிறது, 19 இருந்தால் விட்டுவிடுகிறது. சலிப்பான வேலைதான், அரை மணி நேரம் ஆகும். ஆனால் இதைவிட உண்மையைச் சொல்லும் சோதனை வேறில்லை.

தமிழ் 99 என்ற கீபோர்டு அமைப்பில் தட்டச்சு செய்பவர்கள் வலக்கைச் சுண்டுவிரல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ச, ஞ, ந, ய, ழ எல்லாம் ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகள் இருக்கும் கீகளில்தான் வருகின்றன. ஆட்டக்காரர்கள் எழுதும் மதிப்புரைகளில் அந்தக் கீகளை யாரும் தொட்டே பார்ப்பதில்லை.

இரண்டாம் நாள் ரோலோவர் சோதனை. இரண்டு ஷிஃப்ட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை தட்டுங்கள். எந்த எழுத்து விழவில்லையோ அங்கே கோளாறு. அப்புறம் ஆட்டத்தில் வரும் சேர்க்கைகள்: ஷிஃப்ட், டபிள்யூ, ஸ்பேஸ். கண்ட்ரோல், டபிள்யூ, ஆர். டபிள்யூ, டி, ஸ்பேஸ், இ. அம்புக்குறியில் ஆடுபவர் மேல், இடது, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மலிவு மெம்பிரேன் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும்.

மூன்றாம் நாள் உடம்பைப் பாருங்கள். ஸ்பேஸ் பாரின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் தட்டுங்கள். ஓரத்தில் சிக்கினால், நீளக் கீயைச் சாயாமல் தாங்க அதன் கீழே உள்ள ஸ்டெபிலைசர் கம்பி கோணல். கீகேப்பை (கீயின் மேல் மூடியை) கழற்றி அந்தக் கம்பியைப் பாருங்கள், புதிதிலேயே பழுப்புப் புள்ளி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைச் சுவிட்சுகளுக்கு இடையே உள்ள தகட்டில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. இரும்பு என்பதற்காக ஒதுக்க வேண்டாம், ஓரங்களில் பெயின்ட் உரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வயர் முனையை மெல்ல அசையுங்கள், விளக்கு அணைந்து எரிந்தால் துளை தளர்வு. கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பினால் கீபோர்டும் எழ வேண்டும்.

கடைசியாக இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆடுங்கள். மணிக்கட்டு வலித்தால் கீபோர்டின் உயரம் உங்களுக்குச் சரியில்லை. இதை மதிப்பெண்ணில் யாரும் போடுவதில்லை, ஆனால் தினமும் படப் போவது நீங்கள்.

மென்பொருள் பற்றி ஓர் எச்சரிக்கை. கூடவே வரும் சீட்டில், ஏதோ ஒரு சேமிப்பு இணைப்பிலிருந்து மென்பொருளை இறக்கச் சொல்லியிருப்பார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இல்லாத எதையும் இறக்காதீர்கள். தட்டுவதை எல்லாம் பார்க்கக்கூடிய இடத்தில் அது உட்காரப் போகிறது. செருகினாலே வேலை செய்யாத கீபோர்டு நமக்கு வேண்டாம்.

8. கோளாறு தெரிந்தால்

போனில் பேசிவிட்டு விடாதீர்கள். செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுதிப் புகார் எண் வாங்குங்கள். எழுதும்போது கண்டதை மட்டும் எழுதுங்கள்: "இ கீயை 20 முறை அழுத்தினால் 23 எழுத்து விழுகிறது, வீடியோ இணைத்துள்ளேன்." காரணத்தை நீங்களே ஊகித்து எழுத வேண்டாம். நான் "கடல் பக்கம் என்பதால் இருக்கலாம்" என்று எழுதினேன். அந்த வரியையே எனக்கு எதிராகக் காட்டினார்கள்.

ஆன்லைன் விற்பனைத் தளங்களின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போக வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரமா என்று தோன்றலாம். எனக்கு இரண்டாவது தடவை, 1915-இல் பதிவு செய்த பிறகுதான் பதில் கடிதமாவது வந்தது.

9. வீட்டில் வைத்திருக்கும் விதம்

கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். ஆடி முடித்ததும் துணி உறையால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் உறைக்குள் போட்டு வையுங்கள். கடலில் குளித்துவிட்டு, வலை தொட்டுவிட்டு வந்து அப்படியே உட்காராதீர்கள். கை கழுவித் துடைத்த பிறகு தொடுங்கள்.

மாதம் ஒருமுறை கீகேப்பைக் கழற்றி, உலர்ந்த பிரஷால் மணலைத் தட்டுங்கள். ஸ்டெபிலைசர் கம்பியில் ஒரு துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் துருவும் பிடிக்காது, கீச்சொலியும் வராது. தேங்காய் எண்ணெய், சைக்கிளுக்குப் போடும் எண்ணெய் எதுவும் வேண்டாம், மணலை இழுத்துப் பிடிக்கும். இரட்டிக்கும் சுவிட்சுக்கு, வயரைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து இருபது முப்பது முறை அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். அப்போதும் இரட்டித்தால் சுவிட்சை மாற்றிவிடுங்கள்.

நான் முழுச் சுத்தம் செய்வது வருடத்தில் இரண்டு தடவை. கச்சான் அடங்கியதும் புரட்டாசியில் ஒன்று, மணலுக்காக. வாடை முடிந்ததும் மாசியில் ஒன்று, ஈரத்துக்காக. ஒவ்வொரு தடவையும் முடித்த பிறகு, அதே 20 தட்டுச் சோதனையை டபிள்யூ, ஏ, எஸ், டி, ஸ்பேஸ் ஐந்துக்கும் செய்து, எண்ணிக்கையைத் தேதியோடு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.